சர்வருக்குத் தைத்த ரவிக்கை

கரண்ட் போய்விட்டு வந்தால், ஆந்திர எல்லையில் இருக்கிற நகரியில் எல்லாரும் அண்ணாந்து விசிறியைப் பார்ப்பார்கள். சுந்தரி மட்டும் ஓடிப் போய்க் கம்ப்யூட்டரைப் பார்ப்பாள். மானிட்டரில் பச்சை விளக்கு எரிகிறவரைக்கும் அவள் கை கழுத்தில் தொங்கும் இன்ச் டேப்பை முறுக்கிக்கொண்டே இருக்கும். அந்த வருஷம் கோடையில் கரண்ட் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய் வந்ததோ, டேப்பில் எண்கள் பாதி அழிந்தே போய்விட்டன.

காரணம் இல்லாமல் இல்லை. ஊரை விட்டுப் போன பெண்களின் ரவிக்கை அளவுகள் அத்தனையும் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்தன. பெங்களூருக்குப் போனவர்கள், மஸ்கட்டுக்குப் போனவர்கள், அமெரிக்காவுக்கே போனவர்கள் என்று யாராக இருந்தாலும், துணியைக் கூரியரில் சுந்தரிக்கு அனுப்புவார்கள். அமெரிக்காவில் எல்லாம் கிடைக்குமாம், கக்கத்தில் பிடிக்காத ரவிக்கை மட்டும் கிடைக்காதாம்.

இதில் ஒரு சிக்கல், அளவில் இல்லை, பெயரில். பக்கத்திலேயே திருமலை, கீழே திருச்சானூரில் பத்மாவதித் தாயார். வேண்டிக்கொண்டு பெற்ற பெண்ணுக்கெல்லாம் பத்மாவதி என்று பெயர் வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். அதனால் சுந்தரி அடையாளத்துக்கு ஒரு சொல் சேர்த்துக்கொள்வாள். மாங்கா மண்டி பத்மாவதி, மஸ்கட் பத்மாவதி, குட்டைப் பத்மாவதி, குட்டைப் பத்மாவதிக்குப் பொறந்த நெட்டைப் பத்மாவதி. அவள் தலைக்குள் ஒருவருக்கொருவர் இடித்துக்கொள்ளாமல் எல்லாரும் சௌக்கியமாக இருந்தார்கள்.

கட்டிலுக்கு அடியில் பச்சை டிரங்குப் பெட்டி ஒன்று உண்டு. ஊரை விட்டுக் கிளம்பும்போது ஒவ்வொருத்தியும் நன்றாகப் பொருந்தின பழைய ரவிக்கை ஒன்றை அளவுக்கென்று கொடுத்துவிட்டுப் போவாள். அந்த அளவு ரவிக்கைகள்தான் பெட்டி நிறைய. எல்லாவற்றையும் அளந்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்ட பிறகும் பெட்டியைத் தூக்கிப் போட சுந்தரிக்கு மனசு வரவில்லை.

புருஷன் பழனி குவைத்தில் வண்டி ஓட்டுகிறான். "பெரிய ஆர்டர் ஒண்ணு, ஒரு குறை சொல்லாத மாதிரி முடிச்சுக் காட்டு. உன் தொழில் நிக்கும்னு எனக்கு நம்பிக்கை வந்துட்டா அடுத்த பிளேன்ல வந்துடறேன்" என்று சொல்லி வைத்திருந்தான். அப்படி ஒரு ஆர்டர் வந்தே விட்டது. பங்காருபாளையம் மாங்காய் மண்டிக்காரர் வீட்டு ரேகாவுக்கு ஆவணியில் திருமலையில் கல்யாணம். மணப்பெண் டல்லாஸில் இருந்து முதல் நாள்தான் வந்து இறங்குவாள். அத்தை, சித்தி, மாமிமார் நாலு தேசத்திலிருந்து வந்து சேருவார்கள். எல்லாருக்கும் ரவிக்கை சுந்தரி. போட்டுப் பார்த்துப் பிரித்துத் தைக்க நேரமே கிடையாது. ஒன்று தப்பினாலும் மலை மேலேயே மானம் போய்விடும், பழனியும் வரமாட்டான்.

"கம்ப்யூட்டர நம்பிக்கினு குந்தி இருக்காத அக்கா. அளவ ஆன்லைன்ல ஏத்திடு" என்றான் நெட் சென்டர் கோவர்த்தனன். அவன் மூன்று கம்பெனிகளைத் திரையில் காட்டினான். ஒன்று இலவசம், ஆனால் இடம் போதாது. இன்னொன்று மாதச் சந்தா, இடம் தாராளம். மூன்றாவதில் பூட்டும் சாவியும் நம்மிடமே இருக்கும், கம்பெனிக்காரனே திறந்து பார்க்க முடியாது.

சுந்தரி துணிக்கடையில் கேட்கிற மாதிரியே கேட்டாள். "சாயம் போவுமா?"

"அப்டின்னா?"

"ரெண்டு வருஷம் கழிச்சுத் தொறந்தா அப்டியே இருக்குமா?"

"இருக்கும் அக்கா."

"அப்ப மூணாவது. பொம்பளைங்க அளவுடா இது. எவனும் பாக்கக் கூடாது."

கோவர்த்தனன் பட்டனை அழுத்தப் போனவன், நாக்கைக் கடித்துக்கொண்டு நிறுத்திவிட்டான். சுவரில் அவனே ஒட்டியிருந்த சுற்றறிக்கை கண்ணில் பட்டுவிட்டது. பதிவு செய்த வீட்டுத் தொழில்காரர்கள் எந்த ஆன்லைன் பேக்கப்பையும் தாங்களாகத் தேர்ந்தெடுக்கக் கூடாது. திருப்பதியில் புதிதாகத் திறந்த 'இல்லத்தொழில் தரவுக் காப்பு மையம்' தேர்ந்தெடுத்துத் தரும். மீறினால் பதிவு ரத்து. பதிவு போனால் வெளிநாட்டுப் பார்சல் போகாது.

"நல்லதுக்குத்தான செய்வாங்க" என்றாள் சுந்தரி. அப்போது அவளுக்கு அவ்வளவுதான் விவரம்.

காப்பு மையம் ரேணிகுண்டா ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. திருப்பதியில் இருக்கிற ஆபீஸ் என்பதால் வரிசையைத் திருமலை தரிசன வரிசை மாதிரியே அமைத்திருந்தார்கள். முதல் அறையில் உட்கார வைத்து வெளியே தாழ்ப்பாள் போடுவார்கள். அப்புறம் இரண்டாவது அறை, அதற்கும் தாழ்ப்பாள். ஊறுகாய் போடும் அம்மா ஒருத்தி, ஊதுபத்தி சுற்றும் ஒரு பெரியவர், சுந்தரி எல்லாரும் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டுக் காத்திருந்தார்கள். கடைசிக் கதவு திறந்ததும் எல்லாரும் முண்டியடித்து ஓடியதில், பழக்க தோஷத்தில் யாரோ "கோவிந்தா!" என்று கத்திவிட்டார்கள்.

டைரக்டர் ஜெயச்சந்திரன் ஏசி அறையில் இருந்தார். நல்ல குளிர். கதவில் 'சர்வர் ரூம்' என்று எழுதியிருந்தது. சர்வர் என்ற இரும்புப் பெட்டி வெளியே வராந்தாவில், தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வியர்த்துக்கொண்டிருந்தது.

"ஆடிட்காரங்க கேட்டாங்கம்மா, ஏசி சர்வருக்கா உனக்கான்னு. நான்தான் இந்த ஆபீசோட மெமரின்னு எழுதிக் குடுத்தேன். ஒத்துக்கினாங்க" என்றார் டைரக்டர்.

சுந்தரி தான் பார்த்து வைத்த மூன்றாவது கம்பெனியைச் சொன்னாள். அவர் பரிதாபமாகச் சிரித்தார்.

"வெளிக் கம்பெனிக்காரன் உன் டேட்டாவ எங்க வெப்பான்? மேகத்துல. மேகம் இன்னா பண்ணும்? கரையும். நாங்க எங்க வெக்கிறோம்? சித்தூர்ல. சித்தூர் கரைஞ்சு நீ பாத்திருக்கியாம்மா?"

சுந்தரி பார்த்ததில்லை.

"நெட்டு வழியா போவுமா சார்?"

"நெட்டு டெண்டர்ல கீது. அது வர்ற வரைக்கும் பாலையா."

பாலையா என்பவர் அட்டெண்டர். செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் சிடிக்களை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிச் சித்தூர் போவார். அது அப்லோட். சித்தூரில் இருந்து பையோடு திரும்பி வந்தால் டவுன்லோட். வழியில் சந்திரகிரியில் பஸ் பஞ்சரானால் வாசல் பலகையில் 'நெட்வொர்க் கோளாறு' என்று சாக்பீசால் எழுதுவார்கள். பாலையாவுக்குப் பேத்தி காதுகுத்து என்றால் மாவட்டம் முழுக்க ஆன்லைன் கிடையாது.

கிளார்க் வெங்கடலட்சுமி சுந்தரியின் பென்டிரைவை வாங்கித் திறந்தாள். திறந்ததும் முகம் சுளித்தாள்.

"இன்னாம்மா இது, மாங்கா மண்டி, குட்டை, நெட்டைன்னு? பேரு காலம்ல பேரு மட்டும்தான் போடணும்" என்று அடையாளச் சொற்களையெல்லாம் வரிசையாக அழித்தாள். அழித்து முடித்ததும் இன்னும் சுளித்தாள். "பத்மாவதி, பத்மாவதி, பத்மாவதி... ஒரே ஆள இத்தினி வாட்டி ஏத்தி வெச்சிருக்கியே!"

"அவங்க வேற வேற ஆளுங்க மேடம்."

"எங்க ரூல்ல பேருதான் ஆளு. ரேப்பு ராம்மா" என்றாள் வெங்கடலட்சுமி. பென்டிரைவையும் ஆபீஸ் கணக்கில் வைத்துக்கொண்டு, நாளைக்கு வரச் சொல்லிவிட்டு அவள் தெலுங்கில் யாருடனோ போன் பேசப் போய்விட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது சுந்தரி டேப்பை முறுக்கிக்கொண்டே வந்தாள். பிறகு தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது, கட்டிலுக்கு அடியில் பெட்டி இருக்கிறது. இவர்கள் இன்னா பண்ணினால் இன்னா?

அந்தத் தைரியம் ஜீப் வருகிறவரைக்கும் நின்றது. டைரக்டரே ஆய்வுக்கு வந்துவிட்டார், கூட பாலையா. தையல் மிஷினைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

"இது இன்னாம்மா?"

"அளவு ஜாக்கெட்டு சார். கம்ப்யூட்டர்ல எதுனா ஆச்சுன்னா இத வெச்சு மறுபடி அளந்துக்கலாம்."

"அதாவது பேக்கப்பு."

"ஆமா சார்" என்றாள் சுந்தரி, புரியவைத்துவிட்ட சந்தோஷத்தில்.

டைரக்டர் நிமிர்ந்தார். "அங்கீகாரம் இல்லாத பேக்கப்! அதுவும் கட்டிலுக்கு அடியில! திருடன் வந்தா? கரையான் வந்தா? பாலையா, எட்றா."

தெருவே வேடிக்கை பார்க்க, பாலையா பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். பறிமுதல் காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது சுந்தரிக்கு அழுகை முட்டியது. "எப்ப சார் தருவீங்க?" என்று கேட்டாள். "பத்திரமா வெக்கத்தான எடுத்துக்கினு போறோம், உடனே கேக்கறியே" என்று அவர் வருத்தப்பட்டார்.

ஆடி பிறந்தது. ஒரு மத்தியானம் போன கரண்ட் திரும்பி வந்தபோது ரெட்டிப்பாக வந்தது. விசிறி எழுந்து பறக்கிற மாதிரி சுற்றியது, மிக்சி தானாக ஓடியது, கம்ப்யூட்டரில் இருந்து கருகல் வாசனை வந்தது. கோவர்த்தனன் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"உள்ள ஒண்ணுமே மிஞ்சலக்கா. அன்னிக்கே அந்தப் பட்டன அழுத்தி இருக்கலாம்."

"வாய மூட்றா!" என்று கத்திவிட்டு சுந்தரி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ரேகா வீட்டுத் துணிகள் கூரியர் உறைகளோடு அலமாரி நிறையக் காத்திருந்தன. ஒரு பெண்ணின் அளவு கூடக் கையில் இல்லை. போனில் கேட்கலாமென்றால், டல்லாஸில் இருப்பவளுக்குக் கக்கத்தை எப்படி அளப்பதென்று யார் சொல்லிக்கொடுப்பது? தவிர, தையல்காரி அளவைத் தொலைத்துவிட்டாள் என்று தெரிந்தால் துணியைத் திருப்பிக் கேட்பார்கள்.

அடுத்த பஸ்ஸில் திருப்பதி. இரண்டு தாழ்ப்பாள் அறைகளையும் தாண்டிப் போய் டவுன்லோட் கேட்டாள். பாலையா வெள்ளிக்கிழமை போய், சனிக்கிழமை சிடியோடு வந்தார். வெங்கடலட்சுமி திறந்தாள். உள்ளே ஒரே ஒரு பத்மாவதி இருந்தாள். ஒரு கமலம்மா, ஒரு வெங்கடலட்சுமி, ஒரு ரூபா, ஒரு ரேகா.

"மத்தவங்க எங்க மேடம்?"

டைரக்டர் தானே எழுந்து வந்து விளக்கினார். அவருக்கு அதில் தனிப் பெருமை.

"போலிப் பதிவெல்லாம் ஒழிச்சுட்டோம்மா. சும்மா ஒழிக்கல. எல்லா பத்மாவதியும் கூட்டி, வகுத்து, சராசரி எடுத்தோம். ஒருத்தருக்கும் அநியாயம் நடக்கல. எம்மாம் இடம் மிச்சம் தெரியுமா? ஸ்டேட்லயே நாங்கதான் ஃபர்ஸ்ட்டு."

"ஜாக்கெட்ட சராசரியா தெச்சா யாரு சார் போட்டுக்குவாங்க?"

"அது பயனாளியோட பொறுப்பு."

"சரி சார். என் பொட்டியயாவது குடுத்துடுங்க."

"தாராளமா. ஒரிஜினல கொண்டா. ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் பேக்கப்ப ரிலீஸ் பண்ணணும்."

"ஒரிஜினல் எரிஞ்சு போனதாலதான சார் பேக்கப்பு கேக்கறேன்?"

"அப்ப ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாதத குடுத்துட்டா பாதுகாப்புன்னு ஒண்ணு எதுக்கு? நல்லா கேட்டுக்கோம்மா. இந்த ஆபீசு தொறந்ததுல இருந்து ஒருத்தர் டேட்டா வெளிய போனதில்ல. ஓனருக்கே போனதில்ல!"

அவர் ஏசிக்குள் திரும்பிப் போய்விட்டார். சுந்தரி நகரவில்லை. கோபத்தில் கை டேப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த கிளார்க்கைத் தையல்காரிக் கண்ணால் மேலும் கீழும் பார்த்தாள்.

"மேடம், உங்க பேரு வெங்கடலட்சுமிதான? இதோ இந்த சராசரி வெங்கடலட்சுமிக்குக் கை சுத்து ஒம்போது இஞ்சு. உங்களுக்கு முழங்கைக்கு மேல ஏறாது."

கிளார்க் தன் கையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். ஆபீஸ் திறந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு ஒரு பதிவு புரிந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சூடம்மா, இங்க பாரு, உன் பொட்டி டேட்டா செக்ஷன்ல இல்ல. டூப்ளிகேட்னு எழுதிக் கழிவுல சேத்துட்டாங்க. திங்கக்கெழம கந்தத் துணி ஏலம். வந்து கேளு. அதுக்கு ஒரிஜினல் வாணாம்."

திங்கட்கிழமை ஏலத்துக்கு வந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று சுந்தரி, இன்னொருவர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெக்கானிக், எண்ணெய் துடைக்கத் துணி தேடி வந்தவர். பாலையா பெட்டியைக் கவிழ்த்தார். ஊர் ஊராகப் போன பெண்களின் ரவிக்கைகள் வராந்தாவில் குவிந்தன. மெக்கானிக் ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தார், கசக்கிப் பார்த்தார்.

"எல்லாம் பட்டும் பாலியஸ்டருமா கீது. எண்ணெய் இழுக்காது. எனக்கு வாணாம்" என்று அவர் போய்விட்டார்.

தன் பெட்டியைத் தானே கந்தலாக விலைக்கு வாங்கின சுந்தரி அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மாங்காய் மண்டி பத்மாவதி இருந்தாள். குட்டை, நெட்டை இரண்டும் இருந்தன. மாமிமார்கள், சித்திமார்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மணப்பெண் ரேகாவின் சந்தன நிறப் பட்டு ரவிக்கை மட்டும் இல்லை. பெட்டியின் மூலையைத் துழாவினாள், உதறினாள், மறுபடி எண்ணினாள். எரிச்சலில் தலையைத் தூக்கியபோது அது கண்ணில் பட்டது. வராந்தாவில் சர்வர் ரேகாவின் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தது. தூசி படாமல் இருக்க யாரோ மாட்டி, முன்னால் கொக்கி கூடப் போட்டுவிட்டிருந்தார்கள்.

"ஐயோ, அது என்னுது!"

டைரக்டர் வெளியே வந்தார். "அது ஆபீஸ் சொத்தும்மா. ஸ்டாக்ல ஏத்தியாச்சு, சர்வர் உறை ஒண்ணு. அத கழட்டிக் குடுத்துட்டு சர்வர அம்மணமா நிக்க வெக்கச் சொல்றியா?"

சுந்தரி பெட்டியை மூடி வைத்தாள். பிறகு கழுத்திலிருந்து டேப்பை எடுத்தாள்.

"உறை ஒண்ணு இருந்தா போதுமா சார்?"

"ஒண்ணு இருக்கணும். எதுன்னு ரூல்ல இல்ல."

அவள் சர்வருக்கு அளவு எடுத்தாள். இத்தனை வருஷத் தொழிலில் கழுத்து இல்லாத கஸ்டமர் இதுதான் முதல். கீழே ஒரு தையல்கடையில் அரை மணி நேரம் மிஷினைக் கேட்டு வாங்கி, பெட்டியைச் சுற்றிக் கட்டக் கையோடு கொண்டு வந்த காடாத் துணியில் கச்சிதமாக ஒன்று தைத்தாள். பின்னால் விசிறி சுற்றுகிற இடத்தில் காற்றுப் போக ஜன்னல் வைத்தாள், சுற்றிலும் பைப்பிங் கொடுத்தாள். மாட்டிவிட்டுத் தள்ளி நின்றபோது பாலையா கை தட்டினார். டைரக்டர் சர்வரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"எங்கயும் சுருக்கம் இல்லியே! இதான் தொழில்! பாலையா, பழச கழட்டி அந்தம்மா கிட்ட குடு."

ஆவணிக் கல்யாணம் நடந்தது. மண்டபத்து அறையில் ரேகா புது ரவிக்கையைப் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பார்த்தாள், முதுகைத் திருப்பிப் பார்த்தாள், சுந்தரியைக் கட்டிக்கொண்டாள். பத்மாவதிகள் அத்தனை பேரும் அவரவர் ரவிக்கையில் அடங்கியிருந்தார்கள். சுந்தரி சந்தோஷத்தில் இரண்டு லட்டு தின்றாள்.

ஊர் திரும்பினதும் நேராகக் கோவர்த்தனன் கடைக்குப் போனாள். எல்லா ரவிக்கைகளையும் மறுபடி அளந்து, மாங்கா மண்டி, குட்டை, நெட்டை என்று அவரவர் அடையாளத்தோடு ஏற்றினாள். மூன்றாவது கம்பெனிப் பட்டனை அவளே அழுத்தினாள். சுவரில் இருந்த சுற்றறிக்கையின் மேல் கோவர்த்தனன் காலண்டரை மாட்டியிருந்தான்.

காப்பு மையத்திலிருந்து இரண்டு தபால்கள் வந்தன. ஒன்றில், சுந்தரியின் தரவு முழுவதும் வெற்றிகரமாக மீட்டுத் தரப்பட்டதாகவும், இந்தச் சாதனைக்காக டைரக்டருக்கு விருது கிடைத்திருப்பதாகவும் இருந்தது. இன்னொன்றில், அவள் வீட்டில் அங்கீகாரம் இல்லாத பேக்கப் மறுபடி இருப்பதாகத் தகவல் வந்திருப்பதாகவும், ஆய்வுக்கு ஜீப் வரும் என்றும் இருந்தது.

அன்றைக்குப் பழனி கூப்பிட்டான்.

"கல்யாணம் இன்னா ஆச்சு?"

"ஒருத்தி வாயில ஒரு குறை வரல மாமா."

"ஆன்லைன்ல போட்டுட்டியா?"

"போட்டுட்டேன். ஆனா பொட்டிய எடுத்துக்கினு போக ஜீப்பு வருதாம். மறுபடியும் என்னால ஏலம் எடுக்க முடியாது." இத்தனை வருஷமும் போனில் அழாமல் பேசினவளுக்கு இப்போது குரல் உடைந்தது. "நீ வந்துடு மாமா. வந்து அந்தப் பொட்டி மேல குந்திக்கோ. அது போதும் எனக்கு."

பழனி வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினான். குவைத் ரோட்டில் வண்டிகள் போகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"பொட்டி என் கனம் தாங்குமாடி?"

"எத்தினி பத்மாவதிங்கள தாங்கிக்கினு கீது" என்றாள் சுந்தரி. "உன்னத் தாங்காதா?"